தங்கையின் நகங்கள்

என் தங்கைக்கு மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. கல்யாணமான வேகத்திலேயே புருஷன் வேண்டாம் என்று பெட்டியோடு திரும்பி வந்த எனக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கும்? தறியில் உட்காரச் சொன்னார்கள், குழாயில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள், கூடவே இதையும் என் தலையில் கட்டினார்கள். அதுவரை அம்மாதான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடப்பாள். எனக்குக் கெஞ்ச வராது.

தங்கைக்கு சிக்கில் செல் நோய். ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி எடுக்கும். அந்த வலியை வலி என்ற சொல்லாலேயே சொல்வதுகூட அநியாயம். சின்ன வயதில் அவள் கத்த ஆரம்பித்தால் எதிர் வீட்டில் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினோம். திருஷ்டி என்று மிளகாய் சுற்றினோம். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். எங்கள் ஊரில் இருக்கும் எல்லா முட்டாள்தனத்தையும் அவள் உடம்பில் செய்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் ரயிலேறிச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ரத்தத்தைச் சோதித்த டாக்டருக்கே ஆச்சரியம். "அம்மாவும் அப்பாவும் சொந்தமா?" என்று கேட்டார். அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். இரண்டு பேரிடமும் நோய் பாதிப் பாதியாக ஒளிந்திருந்து பிள்ளைக்கு முழுசாக வந்திருக்கிறது என்று விளக்கினார். எனக்குப் பாதியோடு நின்றுவிட்டது, அவள் மாட்டிக்கொண்டாள். பிறகு டாக்டர், இந்தப் பக்கத்தில் இது அபூர்வம், மலையில் இருக்கிற ஜனங்களிடம்தான் நிறையப் பார்க்கிறோம் என்று சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "நாங்க கோயிலுக்குப் பட்டு நெய்யறவங்க சார். எங்களுக்கு எப்பிடி சார் அவங்க நோய் வரும்? நல்லா பாத்து சொல்லுங்க" என்றாள். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்தால் நாற்காலி வரிசையில் மலையிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கும் இதே நோய். அம்மா அவள் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று இல்லை, ஜாதி ஒட்டிக்கொள்ளும் என்று. வீட்டுக்கு வந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரே உத்தரவு: யார் கேட்டாலும் ரத்தசோகை என்று சொல்ல வேண்டும். சிக்கில் என்ற வார்த்தை வாசலைத் தாண்டக் கூடாது.

ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு காப்ஸ்யூல் கொடுத்தார்கள். தினமும் போட வேண்டும், எத்தனை வருடமானாலும் விடக் கூடாது. இது இன்றைக்கு இருக்கும் வலியை நிறுத்தாது, பின்னால் வரப் போகிற வலியைத் தடுக்கும். இன்றைக்குப் போடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. இந்த மாத்திரையைப் பிடித்த சனியனே அதுதான். பள்ளிக்கூடம் போகிற பெண்ணிடம் போய், ஒன்றும் ஆகாமல் இருப்பதற்காக இதைத் தினமும் விழுங்கு என்றால் விழுங்குவாளா? போதாததற்கு, கடைத்தெருவில் மருந்துக் கடைக்காரர் ஒருநாள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கேன்சருக்குக் குடுக்கறதாச்சேம்மா, உங்க வீட்ல யாருக்கு?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். அன்றிலிருந்து அம்மா மாத்திரையை வெளியூரில் வாங்கினாள்.

நான் பொறுப்பேற்றபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மா ஒருவர் இருந்தார், தங்கமான மனுஷி. அன்பாக ஞாபகப்படுத்துங்கள், போனில் அலாரம் வையுங்கள், போட்டால் பாராட்டுங்கள் என்றார். அலாரம் வைத்தோம். தினமும் ஒரே நேரத்தில் ஒரு சினிமாப் பாட்டு பாடும், தங்கை அதை அணைப்பாள், "போட்டுக்கினேன்" என்பாள். நானும் பாராட்டினேன். ஒருநாள் தறியின் மிதிக்கயிறு அறுந்து, மாற்றுவதற்காக, கால் தொங்கவிடும் தறிக்குழியில் இறங்கினேன். மூலையில், ஈரத்தில் ஊதிப் பெருத்து, காப்ஸ்யூல்கள் கிடந்தன. எறும்புகூடத் தொடவில்லை. என் பாராட்டெல்லாம் அந்தக் குழிக்குள்தான் போயிருக்கிறது.

அதோடு அன்பை மூட்டை கட்டி வைத்தேன். மாத்திரை உள்ளே போகாமல் சோறு கிடையாது. விழுங்கிய பிறகு என் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாட்டு ஒன்று முழுசாகப் பாட வேண்டும், அப்போதுதான் கன்னத்தில் ஒதுக்க முடியாது. தோழிகள் வந்திருந்தால் அவர்கள் எதிரிலேயே டம்ளரை நீட்டினேன். அவள் அழுதாள், என்னைப் பேய் என்றாள். பிசாசு என்றும் சொல்லிக்கோ, அதற்கு முன்னால் விழுங்கு என்றேன்.

அப்படியும் ஒரு மழைக்காலத்தில் ஏமாற்றினாள். வலி எடுத்து வார்டில் கிடந்தபோது, அடுத்த வரிசையில் அவள் வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். இதே நோய்தான். மூளைக்குப் போகும் குழாய் அடைத்து, வாய் ஒருபக்கம் இழுத்து, கை மடங்கிக் கிடந்தான். அவன் அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, தங்கையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் நிறுத்தினேன். "நல்லா பாத்துக்கோ. உனக்கும் இப்பிடி ஆச்சுன்னா வாயைத் தொடைச்சி விடறது நான்தான். எனக்கு அசிங்கம் பாக்கற குணம் இருக்குது, தெரியுமில்ல?" என்றேன். அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆலோசனை அம்மாவுக்கு விஷயம் தெரிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். பயமுறுத்தினால் பிள்ளைகள் இன்னும் மறைப்பார்கள் என்றார். மற்ற பிள்ளைகள் எப்படியோ, என் தங்கை அதற்குப் பிறகு கல்லூரி முடிக்கும் வரை ஒருநாள்கூட விடவில்லை. வலி வந்து படுப்பது குறைந்துபோனது. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். எங்கள் சேலைகளில் உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் இரண்டு பேர் சேர்ந்துதான் கோக்க வேண்டும். அவள் தள்ளுகிற வேகத்துக்கு நான் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. அவள் உயிரோடும் தெம்போடும் இருக்கிறாள், அதற்குக் காரணம் என் கொடுமை என்று எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அந்த நிலைமையில்தான் அவள் நகம் கறுத்தது.

கட்டைவிரலில் ஆரம்பித்து எல்லா நகத்திலும் பேனாவால் கோடு இழுத்த மாதிரி கறுப்பு ஓடியது. மாத்திரையால் சிலருக்கு அப்படி வரும், பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. செவிலிமேட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டில் தறியும் உண்டு. போட்டோ கைமாறி, வாட்ஸ்அப்பில் தங்கையும் அவனும் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவள் போனைப் பார்த்துத் தானாகச் சிரித்ததை நானே பார்த்தேன். பையனின் அம்மா பெண் பார்க்கப் போனால் முகத்தைப் பிறகுதான் பார்ப்பாள், முதலில் கையைப் பார்ப்பாள் என்று ஊரெல்லாம் பேச்சு. தறியில் ஒரு இழையை அறுத்துவிட்டு, அதைச் சேர்த்து முடி போடு என்பாளாம். சொரசொரப்பான விரலா, பட்டில் சிக்குகிற நகமா என்று பிடித்துப் பார்ப்பாளாம்.

"நகத்துக்குப் பாலிஷ் போட்டா தீந்துச்சி" என்றேன்.

"போன தபா அவ பாத்த பொண்ணு பாலிஷோட வந்து நின்னுதாம். பட்டுல கறை படும், தொடைச்சிட்டு வான்னு சொல்லிட்டாளாம். தொடைச்சா என்னா ஆவும்? நீயே சொல்லு" என்றாள் அம்மா.

சில நாளில் அம்மா என்னிடம், "நீ தறிய பாரு, மாத்திரைய இனிமே நானே குடுக்கறேன்" என்றாள். வயசான காலத்தில் பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் என் எதிரில்தான் கொடுத்தாள், தங்கையும் விழுங்கினாள். அது கடையில் விற்கும் சத்து மாத்திரை என்று எனக்கு அப்போது தெரியாது. தங்கைக்குத் தெரியும்.

நகம் அடியிலிருந்து வெள்ளையாக வளர ஆரம்பித்தது. கார்த்திகை வந்தது. எங்கள் ஊரில் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் கோயில் குளத்தில் முழுகி, மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றுவார்கள். மாத்திரையை நிறுத்தியதற்கு ஈடாகச் சாமியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. இந்த நோய்க்காரர்களுக்குக் குளிர் ஆகாது, பட்டினி ஆகாது, தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. அம்மாவின் வேண்டுதலில் மூன்றும் இருந்தது. நான் இருந்தால் விடமாட்டேன் என்று தெரிந்து, தென்னேரியில் ஒரு காதுகுத்துக்கு என்னை முதல் நாளே அனுப்பிவிட்டாள். நானும் இளிச்சவாய் மாதிரி தட்டு வரிசை தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே பிரியாணிக்குக் காத்திருக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பா சாதாரணமாகப் போன் செய்கிறவர் இல்லை. "ஒன்னால வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கை முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது, மூச்சு இழுக்கும்போதெல்லாம் யாரோ குத்துகிற மாதிரி உடம்பு துள்ளியது. தலைமுடியில் இன்னும் குளத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நெற்றியில் மாவு காய்ந்திருந்தது. ராத்திரிக்குள் சென்னைக்கு மாற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இது பிழைக்காது என்று நான் முடிவே செய்துவிட்டேன். பிழைத்தாள். வராந்தாவில் அம்மா என்னைப் பார்த்து, "சாமி காப்பாத்திட்டாரு" என்றாள். அவளை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன், பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

டாக்டர் மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். "விடலியே சார்" என்றாள் அம்மா, கண்ணைச் சிமிட்டாமல். "விடல டாக்டர்" என்றாள் தங்கை, பேச மூச்சில்லாத நிலைமையில். ரத்தம் பொய் சொல்லாது என்பதால் டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, அம்மா எதையும் ஒளித்து வைக்கும் அரிசி டிரம்மில் கை விட்டேன். மாதக்கணக்கான அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

அம்மாவிடம் பேசிப் பயனில்லை. தங்கையிடம் போய் நின்றேன். தை மாதம் செவிலிமேட்டுக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக நாள் குறித்தாகிவிட்டது.

"தை வரைக்கும் விடுக்கா. அப்புறம் நானே போட்டுக்கறேன்" என்றாள்.

"அவங்க வூட்டுக்குப் போயி எப்பிடிடீ போட்டுப்ப?"

"பாத்ரூம்ல போட்டுப்பேன்."

"கொழந்த பெத்துக்கணும்னா அத நிறுத்தணும். டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்தணும். அந்தப் பையனுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும். இதெல்லாம் யாருகிட்ட சொல்லிட்டு பண்ணுவ?"

அவள் கைவிரல்களை விரித்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய முழுசாக வெளுத்திருந்தது.

"ஒரே ஒரு வருசம்னாலும் எல்லாரு மாரியும் இருந்துட்டுப் போறேன்க்கா. அப்புறம் என்னா ஆனா என்னா?" என்றாள்.

இவளைக் காப்பாற்ற நான் எத்தனை வருடம் பேயாக இருந்திருக்கிறேன், இவள் ஒரு வருடத்துக்கு விலை பேசுகிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, அதை அவளுக்குக் காட்டவில்லை.

அவர்கள் நல்ல நேரம் பார்த்து மத்தியானம் வந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. தங்கை அரக்குப் புடவையில் வந்து நின்றாள், அழகாகத்தான் இருந்தாள். கேள்விப்பட்டது பொய்யில்லை, அந்த அம்மா நேராகத் தறியருகே போய், ஒரு இழையை அறுத்துவிட்டு, "முடி போடும்மா" என்றாள். தங்கை எச்சில் தொட்டு ஒரே திருகில் முடிந்தாள். அந்த அம்மா அவள் கையைத் திருப்பிப் பிடித்து, நகத்தைத் தடவிப் பார்த்து, "வெரலு இன்னா சுத்தமா இருக்குது!" என்று தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். பையன் தரையைப் பார்த்துச் சிரித்தான். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்று இருந்தது.

நான் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரும், அட்டையிலிருந்து ஒரு காப்ஸ்யூலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். முன்கூட்டியே அவர்களிடம் போனில் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்காத ஆளில்லை. போனில் சொன்னால் யாரோ வேண்டாதவள் கட்டிய கதை என்று அம்மா அழுது சாதித்திருப்பாள்.

"மாத்திரை போட்டுக்கோ" என்று தங்கையிடம் நீட்டினேன்.

"இன்னா மாத்திரை?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"சத்து மாத்திரைங்க" என்று குறுக்கே வந்தாள் என் அம்மா.

"சத்து மாத்திரை இல்லீங்க" என்றேன். நோயின் பெயரைச் சொன்னேன். பிறவியிலேயே வந்தது, தினமும் மாத்திரை போட்டால் நன்றாக இருப்பாள், விட்டால் செத்துப்போவாள் என்றேன். நகம் கறுத்ததற்காக நிறுத்தினார்கள், கார்த்திகையில் சாகக் கிடந்தாள் என்றேன். பையனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இதெல்லாம் தெரிந்தே கட்டிக்கொள்வதானால் எங்களுக்குச் சந்தோஷம் என்றும் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். கூடத்தில் யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

அந்த அம்மா தங்கையின் கையை விட்டாள். விட்ட கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நோயாளிப் பொண்ண ஜோடிச்சி நிக்க வெச்சிக்கினு இருக்கீங்க. நல்லா இருங்கமா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பையன் தங்கையை ஒருதடவை பார்த்தான். அவளும் பார்த்தாள், அவன் ஏதாவது சொல்வான் என்று. அவன் போய்ச் செருப்பைத் தேடினான்.

அவர்கள் போனதும் அம்மா என் தலைமுடியைப் பிடித்தாள். "வாழாம வந்து ஒக்காந்துக்கினு இருக்கியே, அவளும் உன்ன மாரியே ஒக்காரணும்னுதானடீ பண்ண? பொறாம புடிச்சவளே!" என்று கத்தினாள். தெருவும் இன்றுவரை அதையேதான் சொல்கிறது. பொறாமையாகவே இருந்தால்தான் என்ன? பொறாமைக்காரி கொடுத்தாலும் மாத்திரை வேலை செய்யும். தங்கை என் கையில் இருந்த காப்ஸ்யூலை எடுத்து வாயில் போட்டாள். தண்ணீரை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே அதை வறண்ட தொண்டையில் விழுங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. நாலு வருடமாகிறது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே தறியில் அருகருகே உட்காருகிறோம், அவள் கரை நாடாவைத் தள்ளுகிறாள், நான் உடல் நாடாவைத் தள்ளுகிறேன். சாப்பாடு வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லி அனுப்புகிறாள். வேறு வரன் எதுவும் வரவில்லை. ஆனால் தினமும் காலையில், நான் எங்கே இருக்கிறேனோ அங்கே வந்து நின்று, நான் பார்க்கும்படி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. அவள் நகங்கள் மறுபடியும் கறுத்துவிட்டன.

போன மாதம் பரிசோதனைக்குச் சென்னைக்குப் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, துணைக்கு என்னை விட்டால் ஆளில்லை. ரயிலில் அவள் ஜன்னலோரம், நான் கதவோரம். புதிதாக வந்திருந்த டாக்டர் சின்னப் பெண், இவள் வயதுதான் இருக்கும். ரத்த முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு. இந்த வயசுல நிறையப் பேர் நடுவுல விட்டுடறாங்க, எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல. நீங்க மட்டும் எப்படி ஒருநாள்கூட விடாம போட்டுக்கறீங்க? சொன்னீங்கன்னா மத்தவங்களுக்கும் சொல்லுவேன்" என்றாள்.

தங்கை என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"தோ ஒக்காந்துக்கினு இருக்காளே, இவளுக்கு முன்னாடி நான் போவக் கூடாது டாக்டர். இவ பொணத்த நான் பாக்கணும். அதுக்குத்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தங்கையைவிடப் பத்து வயது மூத்தவள்.

"அவ சொல்றது சரிதான் டாக்டர். விடாம எழுதிக் குடுங்க" என்றேன்.